ரத்தம் லேசில் நிற்காதவருக்கு வாடகைக் கட்டிலும் சக்கர நாற்காலியும்: ஜெலுத்தோங்கில் ஒரு கடை

மருத்துவக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி என்று நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதையெல்லாம், அப்பாவுக்காக நான் போன இந்தக் கடையில் மாத வாடகைக்குக் கொடுக்கிறார்கள். விற்கவும் செய்கிறார்கள். பெயரை எழுதப் போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, புகாரும் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் கடை, என் ஒரு பதிவால் அவர்கள் வியாபாரம் கெட வேண்டாம். தவிர, பினாங்கில் இந்த மாதிரிக் கடைகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். எங்கே போனாலும் நான் சொல்வது பொருந்தும்.

வாடகை இப்படி: கைப்பிடி சுற்றும் கட்டில் மாதம் 180 ரிங்கிட், காற்று மெத்தையும் பம்பும் 80, சக்கர நாற்காலி 70, கமோட் நாற்காலி 40. முன்பணம் 400. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து மாட்டித் தர 100. நான் விசாரித்த மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் நியாயமான விலை. பெரிய ஷோரூம் ஒன்றுக்கும் போனேன். அங்கே இருந்த பெண் அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே என்னை ஒரு மசாஜ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். சுகமாகத்தான் இருந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவின் நிலையைச் சொல்லாமல் இந்தப் பொருள்களைப் பற்றிப் பேச முடியாது. அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரைக்கும் போயிருந்தது. ஒரு நாள் இரவு முதுகில் திடீரென்று தாங்க முடியாத வலி. விடிவதற்குள் இரண்டு கால்களும் மரத்துவிட்டன, சிறுநீரும் இறங்கவில்லை. பொது மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே ரத்தம் தேங்கி, தண்டுவடத்தையே நெருக்கிக்கொண்டிருந்தது. அவர் விழவும் இல்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை. ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 20,000க்கும் கீழே. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000 முதல் 400,000 வரை இருக்க வேண்டும். ரத்தம் உறைய வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற புரதம் குறைவு, உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் டி-டைமர் எக்கச்சக்கம்.

இதற்கு டிஐசி என்று பெயர். புற்றுநோய் செல்கள் ரத்தத்தை உறையத் தூண்டும் பொருளை வெளியே விடுகின்றன. உடம்பு முழுக்க நுண்ணிய ரத்தக் குழாய்களில் தேவையே இல்லாமல் சின்னச் சின்ன ரத்தக் கட்டிகள் உண்டாகின்றன. தட்டணுவும் உறைபொருள்களும் அதிலேயே தீர்ந்துபோகின்றன. எங்கள் தொழிற்சாலைப் பேச்சில் சொன்னால், யாரும் கேட்காத ஆர்டருக்குக் கிடங்கைக் காலி செய்துவிட்டு, நிஜ ஆர்டர் வரும் நாளில் கையை விரிப்பது. புராஸ்டேட் புற்றுநோயில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளலாம்: உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் வேலையும் அளவு மீறி நடக்கும். கணையம், வயிறு, நுரையீரல் புற்றுநோய்களிலும், ரத்தப் புற்றுநோயில் ஏபிஎல் என்ற வகையிலும் இந்தச் சிக்கல் வரலாம். பெரும்பாலும் தோல், ஈறு, மூக்கு, சிறுநீர் என்று ரத்தம் வெளியே தெரியும். தண்டுவடத்தில் கசிவது அபூர்வம்தான், ஆனால் கசிந்தால் முதுகெலும்புக்குள் இருக்கும் அந்தக் குறுகிய குழாயில் ரத்தம் போக வேறு இடமில்லை.

தண்டுவடப் பக்கம் அறுவை செய்யத் தட்டணு 100,000 பக்கம் வேண்டும் என்றார்கள். தட்டணு, பிளாஸ்மா, ஃபைப்ரினோஜன் நிறைந்த கிரையோ என்று பை பையாக ஏற்றிய பிறகுதான் அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். தேங்கிய ரத்தத்தை எடுத்தாகிவிட்டது, ஆனால் கால் திரும்பவில்லை. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவருடைய மருத்துவக் குறிப்பில் டி10, அதாவது பத்தாவது மார்பு நரம்பு மட்டம், என்று எழுதியிருக்கிறது. புற்றுநோயை அடக்கினால்தான் டிஐசி அடங்கும் என்று சொல்லி ஹார்மோன் சிகிச்சை ஆரம்பித்தார்கள். ரத்தம் ஓரளவுக்குத் தேறியது. தட்டணு இப்போது 60,000க்கும் 90,000க்கும் நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது.

ஆக, வீட்டுக்கு வந்த மனிதருக்குக் கீழ்ப்பாதியில் வலி தெரியாது, எங்கே இடித்தாலும் ரத்தம் லேசில் நிற்காது. ஒரு பொருள் அவரை இடித்தாலும் அவர் சொல்ல மாட்டார். உள்ளே கசிந்து நீலமாகப் பரவிய பிறகு நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். முடங்கியவருக்கு எது நல்லது என்று கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. ரத்தம் உறையாதவருக்கு எது ஆகாது என்று தாதிகளுக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து யோசித்துப் பொருள் கொடுக்கும் கடையை நான் இதுவரை பார்க்கவில்லை, இந்தக் கடை உட்பட.

முதலாளி அம்மா என்னிடம் கேட்டவை: உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. எடை கேட்டது நல்ல கேள்வி, மெத்தைக்கு அது வேண்டும். ரத்த விஷயத்தை நானாகச் சொன்னேன். "ஓ, கால் அசையலையா? நல்ல ஆள் இருக்கார்" என்று கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பெக்காம் செய்பவரின் அட்டை. தோலைக் கீறிக் கோப்பை வைத்து ரத்தம் இழுக்கும் வைத்தியம்! தட்டணு இல்லாதவருக்கு அதைவிடப் பொருத்தமில்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அழுத்திப் பிடித்து விடும் மசாஜும் அதே கதைதான். கல்லாவில் அந்த அட்டைகள் இருப்பது இந்தக் கடைக்கு நான் போடும் முதல் குறை. உதவி என்று நினைத்துத்தான் அந்த அம்மா கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, பொருள்களுக்கு வருவோம். நான் பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன், அது வேலைப் பழக்கம். சக்கர நாற்காலி வந்ததும் அதைத்தான் செய்தேன். ஓட்டம் அருமை, பிரேக் அருமை, மடிப்பதும் சுலபம். ஆனால் கால் வைக்கும் தட்டின் முன்விளிம்பு கூர்மை. கை வைக்கும் கட்டைக்கு அடியில் இரண்டு திருகாணிகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, சரியாகத் தொடை உரசும் இடத்தில். பிரேக் பிடியும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது தொடையின் பின்பக்கம் இடிக்கும் உயரத்தில் இருந்தது. உணர்ச்சி உள்ளவர் ஒரு தடவை "ஆ" என்பார், அதோடு சரி. அப்பா அதன் மேலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

பொருளை மாட்ட வந்தவர் பிராய் பக்கத்துத் தம்பி ஒருவர். நான் திருகாணியைக் காட்டியதும் முதலில், "எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கிறோம் அக்கா" என்றார். அப்பாவின் கணுக்காலில் மருத்துவமனையிலேயே உண்டான கைப்பிடி அளவு நீலத்தைக் காட்டினேன். பேச்சு நின்றது. கீழே வேனுக்குப் போய், ஏர்கான் குழாய்க்குச் சுற்றுவார்களே அந்தக் கறுப்பு நுரைக் குழாய், அதில் ஒரு சுருளை எடுத்து வந்தார். கால் தட்டு, திருகாணி, பிரேக் பிடி, கட்டிலின் பக்கக் கம்பி எல்லாவற்றுக்கும் அளந்து வெட்டிச் சுற்றினார். பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி வாலை நறுக்கினார். நறுக்கிய அந்த வால்தான் இருக்கும் எல்லாவற்றையும்விடக் கூர்மை! "தம்பி, இது வேணாம், துணி டேப் ஒட்டுங்க" என்றேன். "சரி லா அக்கா, நீங்க எந்தக் கம்பெனி?" என்று சிரித்துக்கொண்டே மாற்றினார். அந்த நுரைக்குக் காசு வாங்கவில்லை. கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்தத் தம்பிக்கு உரியது.

கமோட் நாற்காலியைத்தான் திருப்பி அனுப்பினேன். பிளாஸ்டிக் இருக்கை இரண்டு துண்டாகச் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி இருந்தது. உட்காரும்போது விரிந்து, எழும்போது மூடும். என் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், தோலைக் கிள்ளியது. அடுத்து வந்தது ஒரே வார்ப்பாகச் செய்த மெத்தை இருக்கை, 15 ரிங்கிட் கூடுதல். கொடுக்கலாம். அந்த இடம் வேறு விதத்திலும் கவனம் கேட்கிறது: முடங்கியவர்களுக்கு வழக்கமாக ஆசனவாய் வழியாக மருந்து வைத்தோ விரலால் தூண்டியோ மலம் கழிக்க வைப்பார்கள். தட்டணு குறைந்திருக்கும்போது அது ரத்தக் கசிவில் போய் முடியலாம் என்பதால் எங்களுக்கு மருத்துவர் வாய்வழி மருந்தையும் உணவையும் வைத்தே ஓர் ஒழுங்கு போட்டுக் கொடுத்தார். எனவே கமோட்டில் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. இருக்கை நன்றாக இருந்தே ஆக வேண்டும்.

காற்று மெத்தைக்கு நான் மனம் நிறைந்து பாராட்டுத் தருவேன். இரண்டு வகை உண்டு. குமிழ் குமிழாக இருப்பது மலிவு. குறுக்கே குழாய் குழாயாக அடுக்கியிருப்பது விலை கூட. முதலாளி அம்மா எடையைக் கேட்டுவிட்டு, குமிழ் மெத்தை போதாது என்று அவராகவே சொன்னார். உண்மைதான். கனமான உடம்புக்குக் கீழே குமிழ் நசுங்கி, ஆள் கட்டில் பலகையின் மேலேயே படுத்திருப்பது போல ஆகிவிடும். சோதிக்கும் வழி எளிது: ஆள் படுத்திருக்கும்போது காற்றறைக்கு அடியில், பிட்டத்துக்கு நேர் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். குழாய் மெத்தையில் இருந்தது. பம்பு ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒன்றுவிட்டு ஒரு குழாயில் காற்றை ஏற்றி இறக்குகிறது. சத்தம் மிகக் குறைவு, அப்பா வானொலி கேட்கத் தடையில்லை. மேலே ஒரே ஒரு தளர்ந்த விரிப்புதான். கம்பளி, பிளாஸ்டிக் தாள், தடித்த பஞ்சு விரிப்பு என்று அடுக்கினால் மெத்தைக்குக் கொடுத்த காசு வீண். இதைத் தம்பி சொல்லிக் கொடுத்தார். மெத்தை இருக்கிறதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது என்பதைத் தாதி சொன்னார். கடை சொல்லவில்லை.

மெத்தையோடு கொடுத்த துண்டுத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. படுக்கைப் புண் எப்படித் தொடங்கும் என்று படம் போட்டிருக்கிறது. எல்லாப் படத்திலும் வெள்ளைத் தோல், அதில் இளஞ்சிவப்பு வட்டம். எங்கள் அப்பாவின் நிறத்தில் அந்தச் சிவப்பைத் தேடினால் புண் வந்த பிறகுதான் தெரியும். நம் நிறத்துக்குக் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. கையை வைத்துச் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, நிறம் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. விரலால் அழுத்தினால் நிறம் மறைகிறதா என்பது புண்ணுக்கான சோதனை, மறையாவிட்டால் ஆபத்து. ஆனால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்த இடமும் அழுத்தினால் மறையாது. குதிகால், வால் எலும்பு, இடுப்பெலும்பு என்று எலும்பு துருத்தும் இடத்தில் இருந்தால், காரணம் எதுவானாலும் அந்த இடத்தை அழுத்தத்திலிருந்து எடுத்துவிட்டு வந்து காட்டுங்கள் என்று தாதி சொன்னார். கைப்பேசி விளக்கை அடித்துக் காலையிலும் இரவிலும் பார்க்கிறோம். கடைக்காரர்கள் அடுத்த தடவை தாள் அச்சடிக்கும்போது கறுப்புத் தோல் படம் ஒன்றையும் போட்டால் நல்லது, வாடிக்கையாளர்களில் நாங்களும் இருக்கிறோம்.

இரண்டாவது பெரிய குறை, கால் அழுத்தும் இயந்திரம். உறைபோல் காலில் மாட்டினால் காற்று ஏறி இறங்கிப் பிழிந்துவிடும். அசையாத காலில் ரத்தம் கட்டிவிடும். வழக்கமாக அதைத் தடுக்க ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்கள். தண்டுவடத்திலேயே கசிந்தவருக்கு உடனே அந்த ஊசியைப் போடத் தயங்குவார்கள், அதனால் இந்த இயந்திரம். "புற்றுநோயால ரத்தம் கசியுதுன்னீங்க, இப்போ உறையுதுன்னு சொல்றீங்களே அக்கா" என்று தம்பி கேட்டார். இரண்டும்தான், ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில். புற்றுநோயாளியின் ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டுவதைப் பாரிசில் துரூசோ என்ற மருத்துவர் 1865இலேயே தன் விரிவுரையில் சொல்லியிருக்கிறார், புதுச் சங்கதி இல்லை.

என் புகார் இதுதான்: அந்த இயந்திரத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். காலில் ஏற்கெனவே ஒரு ரத்தக் கட்டி இருந்தால், பிழியும்போது அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம். எங்களுக்கு மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் பையில் வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. மருத்துவர் கடிதம் இல்லாமல் இதை வாடகைக்குக் கொடுக்கக் கூடாது. நீங்களும் கடிதம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

வாங்கியது இரண்டு பொருள். ஒன்று, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாலம்போல் வைத்து நகர்ந்து போகும் மரப்பலகை. நன்றாக இழைத்து மெருகு போட்டது, விளிம்பு உருண்டை, தடவிப் பார்த்து முழு மதிப்பெண் கொடுத்தேன். வெறுந்தோலோடு அதில் இழுக்கவே கூடாது, தோல் உரியும். மற்றது ஜெல் குஷன். நாற்காலியோடு வரும் இருக்கைத் துணி தொட்டில் மாதிரி தொங்கும், அதன் மேல் நேராக உட்கார வைக்கக் கூடாது. குஷன் நன்றாக உழைக்கிறது. காரின் பின்பக்கம் வைத்து வெயிலில் விட்டால் மட்டும் கொதிக்கும். அப்பாவுக்குச் சூடும் தெரியாது. கர்ப்பால் சிங் டிரைவ் பக்கம் கடற்காற்று வாங்கப் போகிறவர்கள் நாற்காலியின் இரும்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

வாங்கும் பொருளுக்கு முத்திரை போட்ட ரசீது கேளுங்கள். பெற்றோருக்கு ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருந்தால், அவர்களுக்கு வாங்கும் அடிப்படை உதவிச் சாதனங்களுக்கு வருமான வரியில் 6,000 ரிங்கிட் வரைக்கும் கழிவு உண்டு. இந்தக் கடையில் முதலில் கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். கேட்ட பிறகு கம்ப்யூட்டர் ரசீது வாட்ஸ்அப்பில் வந்தது. கேட்காமலே கொடுத்திருக்கலாம்.

கட்டிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உறுதியானது. சுற்றும் கைப்பிடியை உபயோகம் முடிந்ததும் உள்ளே மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொள்பவரின் முழங்காலைப் பதம் பார்க்கும்.

சேவை எப்படி என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் பம்பு நின்று, மெத்தை தட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. கடை எண்ணில் பதில் இல்லை. தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டு, "குழாய் எங்கயாவது மடிஞ்சிருக்கா பாருங்க, வடிகட்டியில தூசி இருக்கா பாருங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை என்றதும் பாலம் தாண்டி மோட்டாரில் இன்னொரு பம்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். காத்திருந்த நேரத்தில் நானும் தம்பியின் மனைவியும், அதாவது என் சொந்தத் தம்பியின் மனைவியும், அப்பாவை மணிக்கு ஒரு தடவை புரட்டிக்கொண்டிருந்தோம். "அங்கிள், இனிமே தூங்கலாம்" என்று கடைத் தம்பி அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் அவசர எண் என்று ஒன்றைக் கடை வைக்க வேண்டும். பணியாளர் ஒருவரின் நல்ல மனத்தை நம்பி ஒரு மெத்தை ஓடக் கூடாது.

மெத்தைக்கு ஐந்துக்கு ஐந்து. மாட்டும் சேவைக்கு ஐந்து. நாற்காலி வந்த கோலத்துக்கு இரண்டு, நுரை சுற்றிய பிறகு நான்கு. ஆலோசனைக்கு ஒன்று, அதுவும் எடை கேட்டதற்காக. கட்டிலும் மெத்தையும் நாற்காலியும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன, மாற்றும் எண்ணமில்லை. கால் அழுத்தும் இயந்திரத்தை மருத்துவர் போதும் என்றதும் திருப்பிக் கொடுத்தேன். அதற்குத் தனியாக வாங்கிய 200 ரிங்கிட் முன்பணத்தில் 170 திரும்பி வந்தது. மீதி 30 சுத்தம் செய்யும் கட்டணமாம். உறையைத் துவைத்து, காயவைத்து, பையில் மடித்துப் போட்டுக் கொடுத்தது நான்.